ராய்ஸ் பெயரில் எழுபத்தொரு கடிதங்கள்

என் மகன் ராய்ஸ் எழுபத்தொரு கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதினான். அதாவது, என் கணவர் கோர்டி எழுதினார். ராய்ஸுக்கு எழுத்தெல்லாம் வராது. "சாப்பிட்டாச்சா?" என்று கைப்பேசியில் கேட்டால் "ம்" என்று பதில் போடுகிற பையன் அவன். அந்த "ம்"மும் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும்.

கல்லூரி பேஸ்பால் கோச்சுகளுக்குப் பெற்றோரைக் கண்டாலே ஆகாது. "என் மகன் ஒரு வைரம்" என்று அப்பாவிடமிருந்து கடிதம் வந்தால் திறக்காமலே தூக்கிப் போட்டுவிடுவார்கள். எழுதுவதாக இருந்தால் பையன்தான் எழுத வேண்டும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் எங்கள் ஊர் அப்பாக்கள் எல்லோரும் பையன் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, பதினாறு வயதுப் பையனாகவே மாறிவிடுவார்கள். கோடையில் மைதானத்துப் படிகளில் உட்கார்ந்துகொண்டு, இதைப் பற்றி வெட்கமே இல்லாமல் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்வார்கள்.

"நடுவுல ரெண்டு தப்பு விடு கோர்டி. அப்பத்தான் பையன் எழுதின மாதிரி இருக்கும்" என்றார் வெர்ன். அவர் பையனும் ராய்ஸின் அணியில்தான் ஆடினான்.

"நான் சாதாரணமா எழுதினாலே நாலு தப்பு வரும். இதுக்குன்னு தனியா வேற விடணுமா?" என்றார் கோர்டி.

ராய்ஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பதினோராம் வகுப்பு தொடங்கிய சமயம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றான். "அம்மா, ஹைஸ்கூலோட நிறுத்த எனக்கு மனசில்ல. இன்னும் நாலு வருஷம் ஆடணும். எந்தக் காலேஜா இருந்தாலும் சரி" என்றான். அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கையில் இருந்த துண்டை அப்படியே போட்டுவிட்டுப் போய் கோர்டியிடம் சொன்னேன். அன்றைக்கே அவர் கணினியைத் திறந்துவிட்டார்.

ராய்ஸ் கேட்சர். பந்து வீசுபவனுக்கு எதிரே முகமூடி போட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் வாங்கிக்கொள்கிறவன். ஆட்டத்தில் அதிகம் அடி வாங்குகிறவனும் அவன்தான். நன்றாகவே ஆடுவான். ஆனால் ஐயோவா மாநிலத்தில் மூவாயிரம் பேர் வசிக்கிற ஊரில் நன்றாக ஆடுகிறவனை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

முதலில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. "அன்புள்ள ராய்ஸ், உன் ஆட்டத்தை நாங்கள் ஆர்வமாகக் கவனித்து வருகிறோம். எங்கள் கோடைப் பயிற்சி முகாமில் உன்னைச் சந்திக்க விரும்புகிறோம்." கோர்டி அதை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினார். அந்தப் பல்கலைக்கழகத்தின் தொப்பி ஒன்றை வாங்கி, தானியக் கிடங்குக்கு வேலைக்குப் போகும்போதெல்லாம் போட்டுக்கொண்டார். சோளம் இறக்க வந்த விவசாயிகளிடம், அவர்கள் கேட்காமலே, தொப்பியின் வரலாற்றைச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து என் மகள் பிரிட்டா சாப்பிடும்போது சொன்னாள். அவளுக்குப் பதின்மூன்று வயது, வாய்க்கு முப்பது. "அப்பா, எங்க கிளாஸ் டில்லியோட அண்ணனுக்கும் அதே லெட்டர் வந்திருக்காம்."

"எந்த அண்ணன்? அவன் எந்த இடத்துல ஆடறான்?"

"அவன் பேண்டுல ட்ராம்போன் வாசிக்கிறான். அஞ்சாம் வகுப்புல ஒரு வருஷம் பேஸ்பால் ஆடினானாம்."

கோர்டி உருளைக்கிழங்கை நிதானமாக மென்றார். மறுநாள் தொப்பியைக் காணோம். கடிதத்தை மட்டும் அவர் கிழிக்கவில்லை. அதன் மேல் பீட்சா கூப்பன் ஒன்றை ஒட்டி மறைத்துவிட்டார்.

கடிதத்தோடு ஒரு வீடியோவும் அனுப்ப வேண்டும். கோர்டி எடுத்த எல்லா வீடியோவிலும் என் குரல்தான் இருந்தது. நடுவரின் கண் பார்வையைப் பற்றி நான் சொன்ன சில கருத்துகள், திரும்பக் கேட்டபோது எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டன. பிரிட்டா உட்கார்ந்து ஒலியை நீக்கினாள். உயரம் எழுத வேண்டிய இடத்தில் கோர்டி ஆறடி என்று போட்டார்.

"அஞ்சடி பத்தரை இன்ச்தானே அவன்?" என்றேன்.

"ஷூ போட்டா?"

"குதிகாலை உசத்தி நின்னா ஆறடி வரலாம். உசத்திக்கிட்டே நாலு வருஷம் ஆடுவானா?"

"எல்லாரும் ஒன்றரை இன்ச் சேர்த்துத்தான் போடுவாங்க லோர்னா. நாம உண்மையைப் போட்டா, கோச் அதுல இருந்து ஒன்றரை கழிச்சுக்குவாரு. பையன் குள்ளனாயிடுவான்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. அதுதான் எரிச்சல்.

எழுபது கல்லூரிகளிலிருந்து ஒன்றும் வரவில்லை, அல்லது முகாம் அழைப்பு மட்டும் வந்தது. எழுபத்தொன்றாவது ஆல்டர்கிரீக் என்கிற சின்னக் கல்லூரி. எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரம். அங்கே கோச் கெர்வின் என்று ஒருவர். அவர் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "ராய்ஸ், நீ ஏன் கேட்சர் ஆனாய்?"

கோர்டி இரண்டு பக்கம் பதில் எழுதினார். அதற்கு கோச் பதில் எழுதினார். இவர் மறுபடி எழுதினார். அந்தக் கோடை முழுக்க இதே கதைதான். விடிந்தும் விடியாமல் எழுந்து, காபியைப் போட்டுக்கொண்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டுவார். கிடங்குக்குக் கிளம்பும்போது வாயில் ஏதோ ஒரு மெட்டு ஓடும். இருபது வருடக் கல்யாண வாழ்க்கையில் காலையில் பாடுகிற கோர்டியை நான் பார்த்ததே கிடையாது.

"யாரு, காதலியா?" என்று கேட்டேன்.

"கோச் எழுதியிருக்காரு."

"யாருக்கு?"

"எனக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "ராய்ஸுக்கு."

முதல் இரண்டு கடிதங்களை எனக்குக் காட்டினார். "என் அப்பா கடுமையான உழைப்பாளி. அவருடைய பொறுமையே எனக்கு வழிகாட்டி" என்று இருந்தது.

"யாரு இந்தப் பொறுமைசாலி? எனக்கும் கொஞ்சம் அறிமுகம் பண்ணி வையேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. சும்மா இருந்திருக்கலாம் நான். ராய்ஸோ ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

"உன் பேர்ல என்னடா போகுதுன்னு ஒரு தடவையாவது பாரேன்" என்று அவனிடம் சொன்னேன்.

"அப்பா பாத்துக்குவாரு" என்றான்.

ஜூலையில் கோச் கெர்வின் யாருக்கும் சொல்லாமல் வந்து, வேலியோரம் நின்று ராய்ஸின் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனார். ஆகஸ்டில் போன் செய்தார். போனில் பையன்தானே பேச வேண்டும்? கோர்டி ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவைக் கிழித்து, அதன் பின்புறத்தில் பதில்களைப் பேனாவால் எழுதி எழுதி ராய்ஸின் மூக்குக்கு நேரே நீட்டினார். ராய்ஸ் அதை ஒரு பார்வை பார்ப்பான், "ஆமா சார்" என்பான். அடுத்த கேள்விக்கு "இல்ல சார்". டப்பா முழுக்க எழுத்து, பையன் வாயில் இரண்டே சொல்.

"போன்ல ரொம்பச் சுருக்கமாப் பேசற" என்றார் கோச்.

"ஆமா சார்" என்றான் ராய்ஸ்.

"எழுத்துல மட்டும்தான் வாயாடி" என்று பிரிட்டா கதவோரம் நின்று முனகினாள். அவளை நான் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். எப்படியோ, செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை கல்லூரிக்கு வந்து பார்க்கச் சொன்னார் கோச். அந்த வருடம் அவருக்கு ஒரு கேட்சர்தான் தேவை. அதுவும் அப்போதே சொல்லிவிட்டார்.

போகிற வழியெல்லாம் கோர்டி பாடம் நடத்தினார். கண்ணைப் பார்த்துப் பேசு. கையை அழுத்திக் குலுக்கு. அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிடு, கோச்சுகள் அதையெல்லாம் கவனிப்பார்கள். ராய்ஸ் கல்லூரியில் எனக்காக ஐந்து கதவுகளைத் திறந்துவிட்டான். அதில் ஒன்று துடைப்பம் வைக்கிற அறை.

கோச் கெர்வின் அறுபது வயதுக்காரர், வழுக்கைத் தலை. ராய்ஸைவிட அரை அங்குலம் குள்ளம். கோர்டி நிம்மதியாக மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

"ஆறடின்னு எழுதியிருந்தியே" என்றார் கோச், அவனை மேலும் கீழும் பார்த்து. "பரவாயில்ல. நானும் ஆறடின்னுதான் எழுதிக்கிட்டிருக்கேன்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவருடைய அறையில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார். பிரிட்டா சன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வகுப்பு, விடுதி, பயிற்சி நேரம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கோச் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"உன்னைவிட வேகமா எறியற பசங்க எனக்குக் கிடைப்பாங்க ராய்ஸ். உன்னைவிட நல்லா அடிக்கிறவங்களும் கிடைப்பாங்க. அடுத்த சனிக்கிழமை ஒருத்தன் வர்றான், ரெண்டுமே செய்வான். ஆனா இந்த மாதிரி ஒருத்தனும் எனக்கு எழுதினதில்ல. இதை நான் வீட்டுல என் மனைவிக்குப் படிச்சுக் காட்டினேன். ஆட்டத்துல ரொம்பக் கஷ்டமானது எதுன்னு கேட்டிருந்தேனே, அதுக்கு நீ எழுதின பதில்."

கோர்டி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அதெல்லாம் இப்ப எதுக்கு கோச்" என்றார். கோச் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"கஷ்டமானது ஆட்டத்தில் இல்லை. ஆட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் பயணம்தான். அப்பா டிரக்கை ஓட்டிக்கொண்டே பேசுவார். நான் விட்ட ஒவ்வொரு பந்தையும் திரும்பச் சொல்வார். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியும். நிறுத்த வேண்டும் என்றும் தெரியும். ஆனால் நிறுத்தினால் டிரக்கில் ஒரு சத்தமும் இருக்காது. பேஸ்பாலை விட்டால் என்னிடம் பேச அவருக்கு வேறு எதுவும் தெரியாது. அதை நினைத்து அவருக்குப் பயம்."

கோர்டியின் கழுத்து, காது எல்லாம் சிவந்துவிட்டது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பக்கத்தில் படுத்துத் தூங்குகிற என்னிடம் சொல்லாததை, முகம் தெரியாத ஒரு மனிதரிடம், அதுவும் மகன் பெயரில் சொல்லியிருக்கிறாரே என்று. கோபம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கோச் எதிரில் அதுவும் முடியவில்லை.

"இதைச் சொல்ல உனக்குத் தைரியம் எங்கேருந்து வந்தது?" என்று கோச் ராய்ஸைக் கேட்டார்.

ராய்ஸ் அப்பாவைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "ஆமா சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இடம் அவனுடையது. அந்த வார்த்தைதான் அவனுக்கு நன்றாக வருமே. சொல்லித் தொலையடா என்று என் மனசு அடித்துக்கொண்டது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை.

"நான் எழுதல சார்" என்றான் ராய்ஸ். "எல்லாம் அப்பா எழுதினது. நான் இப்பத்தான் கேக்கறேன்."

கோச் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு ஏமாற்றம்தான், அதை அவர் மறைக்கவும் இல்லை. அப்பாக்கள் எழுதுகிற கடிதம் அவருக்குப் புதிதல்ல. இது ஒன்றாவது பையன் எழுதியது என்று நம்பியிருந்தார்.

"கேட்சர்தான்பா மைதானத்துல எல்லாருக்கும் எதிரே உக்காந்திருக்கிறவன். அவன் வாயைத் திறந்து சொன்னாத்தான் மத்த எட்டுப் பேரும் நகருவாங்க" என்றார். "உங்கப்பாவை எனக்கு இப்ப நல்லாத் தெரியும். உன்னைத் தெரியல. வெள்ளிக்கிழமைக்குள்ள நீ எழுது. அதே கேள்விதான். நாலு வரியானாலும் சரி, நீயே எழுது."

திரும்பும்போது கோர்டி வாயைத் திறக்கவில்லை. மூன்று மணி நேரம். நடுவில் பெட்ரோல் போட நின்ற இடத்தில் "யாருக்காவது ஏதாவது வேணுமா?" என்றார், அவ்வளவுதான். வருடக்கணக்காக அவர் பேச்சை நிறுத்தமாட்டாரா என்று ஏங்கியவள் நான். அன்றைக்கு அவர் ஏதாவது பேசித் தொலைத்தால் தேவலை என்று இருந்தது. பிரிட்டாகூட ஒன்றும் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஒரு பெரிய மனிதர் பட்ட பாடு சொல்லி மாளாது. திங்கட்கிழமை, ராய்ஸின் அறை வாசலில் இருந்த பல்பை மாற்றினார். அது எரிந்துகொண்டுதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டார். புதன்கிழமை அதே கீலுக்கு மறுபடியும் போட்டார்.

"நான் எழுதித் தரமாட்டேன் லோர்னா. தொடங்கிட்டானான்னு மட்டும் கேளேன்" என்றார்.

"நீயே கேளு."

"நான் கேட்டா பேசற மாதிரி ஆயிடும்."

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ராய்ஸிடம் கேட்டேன். "ம்" என்றான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்தான். வெளியே வந்து, "அனுப்பிட்டேன்" என்றான். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டான். வேறு ஏதோ ஊரில், எங்களுக்குப் பெயர் தெரியாத அந்த இன்னொரு பையன் மறுநாள் ஆல்டர்கிரீக் போக ஷூவைத் துடைத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். அவன் அம்மாமேல் எனக்குக் காரணமே இல்லாமல் ஆத்திரம் வந்தது.

மறுநாளும் ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுந்து வந்தபோது கோர்டி சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே கணினி திறந்திருந்தது. காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அந்த மின்னஞ்சல் கணக்கைத் திறந்தவரே அவர்தானே. கடவுச்சொல் அவரிடம்தான் இருந்தது. பையனுக்கு வந்த கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று இவருக்குத் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கும். விரல் கேட்டிருக்காது.

"என்ன பண்ணி வச்சிருக்க?" என்றேன்.

திரையை என் பக்கம் திருப்பினார். கோடையில் என் வாய்க்குப் பயந்து மறைத்த திரையை அன்றுதான் திருப்பினார். மேலே கோச் எழுதியது மூன்று வரி: "ராய்ஸ், இடம் உனக்குத்தான். நேற்று வந்த பையன் நல்ல பையன், ஆனால் எனக்கு உன்னைத்தான் வேண்டும். உன் அப்பாவை எனக்கு அவ்வப்போது எழுதச் சொல், அவருடைய பெயரிலேயே." அதற்குக் கீழே ராய்ஸ் எழுதியது இருந்தது.

"கோச் அவர்களுக்கு, எனக்கு எழுத வராது. என் உயரம் ஐந்தடி பத்தரை. அப்பா எழுதியதைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் ஒரு தப்பு இருக்கிறது. நான் ஹெட்போன் மாட்டிக்கொள்வது உண்மை. ஆனால் அதில் பாட்டு எதுவும் ஓடாது. எட்டாம் வகுப்பிலிருந்தே ஓடாது. நான் கேட்கிறேன் என்று தெரிந்தால் அப்பா யோசித்து யோசித்துப் பேசுவார். அப்படி வேண்டாம். அவர் சொல்வது பாதிக்கு மேல் சரியாகத்தான் இருக்கும். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். போன சனிக்கிழமை திரும்பி வரும்போது அவர் பேசவே இல்லை. எனக்கு ரொம்பக் கஷ்டமானது அதுதான். ராய்ஸ்."

நான் இரண்டு தடவை படித்தேன். கிண்டலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

"பாட்டே ஓடலையாம் லோர்னா" என்றார் கோர்டி. முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். "அவ்வளவையும் கேட்டிருக்கான்."

மாடிப்படியில் சத்தம் கேட்டது. ராய்ஸ் அரைத் தூக்கத்தில் இறங்கி வந்தான். என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், திறந்திருந்த கணினியைப் பார்த்தான். எட்டி அந்த மூன்று வரியைப் படித்தான். காது மட்டும் சிவந்தது. அப்பாவுக்கு வருகிற அதே சிவப்பு. ஃபிரிட்ஜைத் திறந்து பாலை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பாஸ்வேர்டை மாத்தணும்" என்றான்.

இன்றுவரை மாற்றவில்லை.